மூன்று விண்மீன், ஒரு கோள்: 16 சிக்னி பற்றிய கேள்விகள்

அன்னம் விண்மீன் குழுவில், ஏறக்குறைய 69 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது 16 சிக்னி என்ற மூன்று விண்மீன் கூட்டம்: ஏ, பி, சி. ஏ, பி இரண்டும் நம் சூரியனைப் போன்றவை. சி என்பது ஏ-வின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மங்கலான செங்குறுமீன், அதாவது சிறிய சிவப்பு விண்மீன். இதுவரை கோள் தெரிந்திருப்பது பி-யைச் சுற்றி மட்டும்தான். வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, இத்தனை விண்மீன்கள் இழுத்தால் அந்தக் கோள் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

தூரம்தான் காப்பாற்றுகிறது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை ஒன்று என்று வைத்தால், கோள் பி-யிலிருந்து சராசரியாக 1.7 தூரத்தில் சுற்றுகிறது. ஏ இருப்பதோ 800-க்கும் அப்பால். துணை விண்மீன் மிக அருகில் வரும்போது உள்ள இடைவெளியில், தோராயமாகக் கால் பங்குக்குள் கோள் இருந்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். காமா செஃபை என்ற இரட்டை விண்மீனில் இடம் இன்னும் நெருக்கடி: இரண்டு விண்மீன்களுக்கும் சராசரி இடைவெளி சுமார் 20தான். அங்கேயும் 2 தூரத்தில் ஒரு கோள் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: இரண்டு விண்மீன்களையும் சேர்த்தே சுற்றும் கோள் உண்டா?

உண்டு. 2011-இல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-16பி அப்படித்தான். 41 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்களையும் அது 229 நாளில் வலம் வருகிறது.

கேள்வி: 16 சிக்னி பி-யின் கோளை யாராவது நேரில் பார்த்தார்களா சார்?

இல்லை, விண்மீன் ஆடுவதை வைத்துக் கண்டுபிடித்தார்கள். கோள் இழுக்க இழுக்க, விண்மீன் நம்மை நோக்கி ஒருமுறை, விலகி ஒருமுறை என நொடிக்கு சுமார் 50 மீட்டர் வேகத்தில் அசைகிறது. அதன் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் கருங்கோடுகள் (நிறமாலைக் கோடுகள்) அதற்கேற்ப இடம் மாறும். அமெரிக்காவின் லிக், மெக்டொனால்ட் வானாய்வகங்களில் தனித்தனியாகப் பார்த்த இரு குழுக்களுக்கும் ஒரே கோள் கிடைத்தது, 1996-இல் அறிவித்தார்கள். நிறை குறைந்தபட்சம் வியாழனைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். ஒரு சுற்றுக்கு சுமார் 799 நாள்.

கேள்வி: அதன் பாதை ரொம்ப நீண்டிருக்கிறது என்கிறார்களே, ஏன்?

இந்தக் கோளிடம் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். நம் சூரிய மண்டலத்தில் கொண்டுவந்து வைத்தால், ஒரு முனையில் வெள்ளியின் பாதைக்கும் உள்ளே புகுந்துவிடும். மறுமுனையில் செவ்வாயைத் தாண்டிச் சிறுகோள் பட்டைக்குப் போய்விடும். ஒரே சுற்றில் அது வாங்கும் வெளிச்சம் 25 மடங்குக்கு மேல் மாறுகிறது.

சந்தேகம் ஏ-வின் மேல். கோளின் பாதைத் தளமும் இரு விண்மீன்களின் பாதைத் தளமும் ஒன்றுக்கொன்று சுமார் 39 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால், ஏ-வின் மெல்லிய இழுப்பு சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும். சாய்வு குறையும்போது பாதை நீளும், சாய்வு கூடும்போது வட்டமாகும். கோடிக்கணக்கான ஆண்டுகள் இப்படி மாறி மாறி நடக்கும். 1960-களின் தொடக்கத்தில் லிடோவ், கோசாய் என்ற இரு ஆய்வாளர்கள் தனித்தனியாகக் கண்ட விளைவு இது. வேறொரு கோள் மோதாமல் மிக அருகில் கடந்துபோனதில் பாதை கெட்டிருக்கலாம் என்ற விளக்கமும் உண்டு. ஏ இவ்வளவு தள்ளி இருந்தும் ஆட்டிவைக்க முடிகிறது என்பதால் நான் முதல் விளக்கத்தின் பக்கம்.

கேள்வி: அங்கிருந்து பார்த்தால் வானில் இரண்டு சூரியன் தெரியுமா அக்கா?

கோள் வாயுக்கோளமாக இருக்க வேண்டும், நிற்கத் தரை கிடையாது. அதற்கு ஒரு துணைக்கோள் இருந்து அதில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். பி தான் சூரியன். ஏ ஒரு புள்ளிதான், ஆனால் கூசவைக்கும் புள்ளி. கணக்குப் போட்டால் அதிகபட்சம் நம் முழுநிலவின் அளவுக்கு வெளிச்சம் வருகிறது. கோள் பி-யைச் சுற்றிவருவதால் ஏ சில மாதங்கள் நள்ளிரவில் உச்சியில் நிற்கும். அப்போது இருட்டவே இருட்டாது. அப்புறம் பி-யின் பக்கமாக நகர்ந்து பகல் வானுக்குப் போய்விடும், இரவுகள் இருண்டுவிடும். இருட்டு எப்போது வரும் என்பதை அங்கே ஆண்டின் பருவம்தான் முடிவு செய்யும்.

கேள்வி: உயிர்கள்?

கோளில் வாய்ப்பில்லை. துணைக்கோளிலும் அந்த வெளிச்ச ஏற்ற இறக்கம் கடுமையான சோதனை.

கேள்வி: ஒரே மேகத்தில் பிறந்த ஏ-வுக்கு ஏன் கோள் இல்லை?

சிறிய கோள்கள் கண்ணில் படாமல் இருக்கலாம். ஆனால் இன்னொரு வித்தியாசமும் உண்டு: ஏ-வில் லித்தியம் என்ற தனிமம் பி-யைவிட 4 மடங்குக்கு மேல். பி-யின் கோள் உருவான விதமே இதற்குக் காரணமா, ஏ ஏதாவது ஒரு கோளை விழுங்கி அதன் லித்தியத்தைச் சேர்த்துக்கொண்டதா என்று இன்னும் வாதம் நடக்கிறது.

கேள்வி: என் சின்னத் தொலைநோக்கியில் பார்க்க முடியுமா?

தாராளமாக. ஏ, பி இரண்டும் 6-ஆம் பிரகாச அளவை ஒட்டியவை, அதாவது வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லையில் இருப்பவை. இடைவெளி சுமார் 39 விகலை (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்குதான் ஒரு விகலை). இரண்டு மஞ்சள் புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சற்று மங்கலானதுதான் பி. பார்த்துவிட்டு அரை டிகிரி கிழக்கே நகர்த்துங்கள், என்ஜிசி 6826 என்ற கோள்வடிவ நெபுலா, அதாவது முதிர்ந்த விண்மீன் வெளியே தள்ளிய வாயு முகில், கிடைக்கும். அதை நேராக உற்றுப் பார்த்தால் மறையும், ஓரக்கண்ணால் பார்த்தால் தெரியும்.