வீடும் வாசலும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: திருவனந்தபுரத்தில் வேலை பார்ப்பவர்கள் வாடகைக்கு வீடு கேட்பதால், எங்கள் 8 சென்ட் நிலத்தில் குறைந்த செலவில் நான்கு சிறு வீடுகள் கட்ட நினைக்கிறேன். ஒன்றில் நானும், சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மாவும் தங்குவோம். எலிப்பொறிக் கட்டுச் சுவரை நம்பலாமா?
– ஒரு வாசகி, களியக்காவிளை

பதில்: தாராளமாக நம்பலாம். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறைதான்; அவர் பங்குடன் 1985-இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு என்ற கட்டுமான அமைப்பு இன்றும் இப்படிக் கட்டுகிறது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்குவதால் 9 அங்குலச் சுவருக்குள் வெற்றிடம் கிடைக்கும். செங்கல் சுமார் கால் பங்கு மிச்சம், வெக்கையும் குறையும். அடி வரிசை, ஜன்னல், லிண்டல் மட்ட வரிசைகளை மட்டும் வெற்றிடமின்றிக் கட்டச் சொல்லுங்கள். கல் ஒரே அளவில் இருக்க வேண்டும். கோணல் கல்லைத் தலையில் கட்டும் சூளைக்காரரிடம் போகாதீர்கள்.

சுவரைவிட எனக்குக் கவலை அம்மாவின் வழி. சாய்தளம் 1-க்கு 12, அதாவது ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். தரைமட்டம் ஒன்றரை அடி உயரம் என்றால் சாய்தளம் 18 அடி ஓட வேண்டும். கொத்தனார் "ஆறு அடி போதும் அக்கா" என்பார். அது ஸ்கூட்டர் ஏற்றத்தான் உதவும். கழிவறைக் கதவில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். உங்களுக்கு 3 அடி திறப்பு வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்தால் உடல் கதவை அடைத்துக்கொள்ளாது. நான்கு வீட்டுக்கும் இதே கதவைப் போடுங்கள். குடிவருபவரின் பாட்டியும் நாளை நாற்காலியில் வரலாம்.