அழைத்து வந்த படை ஆக்கிரமிப்புப் படையாகுமா?

கேள்வி: தலவாக்கலையில் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியது. 1988இல் இந்திய அமைதிப்படை என் அண்ணனை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு தகவலே இல்லை. 1990இல் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு மலைக்கே திரும்பிவிட்டார். இப்போது ஒருவர், “அது ஆக்கிரமிப்பு இராணுவம், சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனால் இந்தியா நட்டஈடு கொடுத்தே ஆகவேண்டும்” என்று சொல்லி, மனு எழுதப் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? அண்ணனிடம் அப்போது இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பணம் கொடுக்காதீர்கள். ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் அரசுகள் மட்டுமே வழக்காட முடியும். தனியாளின் மனுவை அங்கே ஏற்கவே மாட்டார்கள். இலங்கை அரசே போக நினைத்தாலும் வழி இறுக்கமானது. இலங்கை உட்பட்ட பொதுநலவாய நாடுகளுடனான பிணக்குகளை அந்த நீதிமன்றத்தின் கட்டாய நியாயாதிக்கத்திலிருந்து, அதாவது வழக்குக்கு வழக்கு தனியாகச் சம்மதம் கேட்காமலே விசாரிக்கும் அதிகாரத்திலிருந்து, இந்தியா விலக்கி வைத்திருக்கிறது.

இனி, அது ஆக்கிரமிப்பா என்ற கேள்வி. அந்நியப் படை ஒரு நாட்டில் நிற்பதால் மட்டும் அது ஆக்கிரமிப்பாகிவிடாது. சுதந்திரத்துக்குப் பிறகும் 1957 வரை திருகோணமலையிலும் கட்டுநாயக்கவிலும் பிரித்தானியப் படைத்தளங்கள் இருந்தன. இலங்கை ஒப்பந்தம் செய்துதான் அவற்றை அனுமதித்தது. போர் நடத்தும் முறை பற்றிய 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளில் 42ஆவது உறுப்புரை, எதிரிப் படையின் அதிகாரத்தின்கீழ் உண்மையிலேயே வந்துவிட்ட நிலத்தைத்தான் ஆக்கிரமிக்கப்பட்டது என்கிறது. ஆகவே நாட்டு அரசின் சம்மதம் இருந்ததா, அந்த அரசின் இடத்தில் படை தன் அதிகாரத்தை நாட்டியதா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

கொங்கோ எதிர் உகண்டா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2005இல் கொடுத்த தீர்ப்பு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. உகண்டாப் படை முதலில் கொங்கோவின் சம்மதத்தோடுதான் இருந்தது. 1998இல் அந்தச் சம்மதம் போனது. அதன் பிறகும் படை பல இடங்களில் நின்றது. ஆனால் நீதிமன்றம் ஆக்கிரமிப்பு என்று தீர்த்தது இட்டூரி பிரதேசத்தை மட்டும்தான். அங்கே உகண்டாத் தளபதி புதிதாக ஒரு மாகாணத்தை உருவாக்கி, அதற்கு ஆளுநரையும் நியமித்திருந்தார்.

இந்தியப் படை 1987 ஜூலை 29 இந்திய - இலங்கை ஒப்பந்தத்தின்கீழ், ஜனாதிபதி ஜயவர்தனவின் அழைப்பில் வந்தது. 1989 ஜூனில் ஜனாதிபதி பிரேமதாச வெளியேறச் சொன்னார். செப்டெம்பரில் விலகலுக்கு இரு அரசுகளும் உடன்பட்டன, 1990 மார்ச்சில் கடைசிப் படையினரும் போனார்கள். இடைப்பட்ட அந்தச் சில மாதங்களைப் பற்றி வாதாட இடமுண்டு. ஆனால் உங்கள் அண்ணன் பிடிபட்ட 1988இல் அழைப்பு உயிரோடு இருந்தது. சட்டப்படி அதை ஆக்கிரமிப்பு என்று நிறுவ முடியாது என்பதே என் கருத்து.

பாஸ்போர்ட் விடயத்தை நீங்கள் கடைசியில் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் நெஞ்சில் தைத்தது. மலையகத் தமிழரை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியப் பிரஜையாகி, 1984இல் இந்தியாவுக்கான தலைமன்னார் கப்பல் நின்றதால் போக முடியாமல் தங்கியவர்கள் நம் ஆட்களில் ஏராளம். போரில் பொதுமக்களைக் காக்கும் ஜெனீவா நான்காம் உடன்படிக்கையின் 4ஆவது உறுப்புரை, தன் நாடல்லாத ஒரு தரப்பின் கையில் சிக்கியவரைத்தான் பாதுகாக்கப்பட்டவர் என்கிறது. உங்கள் அண்ணனோ, கையிலிருந்த பாஸ்போர்ட்டின்படி, தன் சொந்த நாட்டுப் படையிடமே பிடிபட்டவர். அது ஆக்கிரமிப்பு என்றே நிரூபித்தாலும் அந்த உறுப்புரையின் வாசகம் அவரைத் தாங்காது. எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் பக்கத்தில் நின்றவரை அது தாங்கும்! ஒப்பந்தம் போட்டு மனிதரைப் பங்கு பிரித்ததன் கொடுமை இதுவரை நீள்கிறது.

அதற்காக அண்ணன் சட்டமில்லாத வெளியில் நிற்கவில்லை. நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3ஆவது உறுப்புரை உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும். கைதியைக் கொல்வதையும் சித்திரவதை செய்வதையும் அது தடுக்கிறது, பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்பதில்லை. அந்தப் படை ஆக்கிரமிப்புப் படையாக இல்லாவிட்டாலும் அவருக்கு நடந்தது குற்றமாக இருக்கலாம்.

நட்டஈட்டு வழக்குக்கு நம் சட்டத்தில் பொதுவாக இரண்டு வருடம்தான், அது எப்போதோ முடிந்துவிட்டது. உங்களுக்குத் திறந்திருப்பது 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த காணாமல் போனோர் அலுவலகம். எந்த வருடம் காணாமல் போனாலும் முறைப்பாடு செய்யலாம். பதிவாளர் நாயகத்திடம் காணாமல் போனமைக்கான சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். அண்ணன் பெயரில் கிளிநொச்சியில் காணி இருந்தால் அதைக் கையாள அது உதவும்.

அம்மா உயிரோடு இருந்தால், அவர் சொல்வதை உடனே ஒரு சத்தியக் கடதாசியாக எழுதி, சமாதான நீதவான் முன் கையொப்பமிடச் செய்யுங்கள். பிடித்த நாள், இடம், பஸ்ஸில் கூட இருந்தவர்கள் பெயர், எந்த முகாம்களில் போய்க் கேட்டீர்கள், யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் வரட்டும். பாஸ்போர்ட்டை மறைக்க வேண்டாம், இலக்கம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். முறைப்பாடு செய்யக் கட்டணம் கிடையாது. அதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியொன்றைப் பற்றுச்சீட்டோடு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.