மலையைக் குடையப் போகும் மகன்

கேள்வி: மகன் சிவில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டான். இமயமலையில் ரயில் சுரங்கம் தோண்டும் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. உத்தரகாசியில் ஆட்கள் மாட்டிக்கொண்டதை டிவியில் பார்த்ததிலிருந்து எனக்கு நெஞ்சு பதறுகிறது. "இப்ப எல்லாம் மெஷின்தாம்மா" என்கிறான் அவன். அனுப்பலாமா?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: சகோதரி, 34 வருடம் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவன் நான். உங்கள் மகன் சொல்வது பாதி சரி.

நான் சேர்ந்த காலத்தில் பாறையில் துளை போட்டு, ஜெலட்டின் திணித்து வெடிப்போம். புகை அடங்கியதும் ஒருவர் நீளக் கடப்பாரையோடு முதலில் போய்க் கூரையைத் தட்டுவார். கணீரென்றால் பாறை உறுதி. பொத்தென்றால் மேலே ஒரு பாளம் விட்டுப்போய்த் தொங்குகிறது. அவர் காதை நம்பித்தான் எங்கள் உயிர். ஒருமுறை மேலதிகாரி அவசரப்படுத்தியதால் தட்டிப் பார்க்காமலே உள்ளே போனோம். விழுந்த கல்லில் எங்கள் ஃபோர்மேனுக்கு ஒரு கால் போயிற்று. இன்னும் எனக்கு ஆறவில்லை.

வல்லத்தின் அடிப்பலகையைத் துளைக்கும் புழுவை உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முன்னால் ஓட்டால் மரத்தை அரைக்கும், பின்னால் துளைக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டே போகும். அதைப் பார்த்துத்தான் லண்டனில் இருந்த இன்ஜினீயர் மார்க் புருனெலுக்குச் சுரங்கம் தோண்டும் யோசனை பிறந்தது. 1825-ல் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் இரும்புக் கேடயம் வைத்துத் தோண்ட ஆரம்பித்தார். திறக்க 1843 ஆகிவிட்டது. சென்னை மெட்ரோவில் சுரங்கம் துளைக்கும் டி.பி.எம். மெஷினும் அந்தப் புழு மாதிரிதான். முன்னால் வெட்டும் சக்கரம் சுற்றும், பின்னால் கான்கிரீட் துண்டுகளை வளையமாகக் கோத்து, வெளிச் சந்தில் சிமென்ட் பால் ஏற்றும். வெறும் மண்ணுக்குக் கீழே ஆள் நிற்பதே அபூர்வம்.

இமயமலை வேறு. ரிஷிகேஷ்–கர்ணபிரயாக் ரயில் பாதையில் டி.பி.எம். இறங்கியது, ஆனாலும் பெரும்பகுதி வெடி வைத்துத்தான். பாறை பத்தடிக்கு ஒரு குணம் காட்டும் இடம் அது. கடப்பாரைக்குப் பதில் இப்போது பாறையை இறுக்கிப் பிடிக்கும் ராக் போல்ட் கம்பிகள், சுவரில் பீய்ச்சியடிக்கும் ஷாட்கிரீட் கான்கிரீட், சுவர் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் காட்டும் கருவிகள் எல்லாம் உண்டு. அப்படியிருந்தும், நீங்கள் டிவியில் பார்த்த உத்தரகாசி சில்க்யாரா சுரங்கத்தில் 2023 நவம்பர் 12-ல் 41 பேர் அகப்பட்டு, 17-ம் நாள்தான் வெளியே வந்தார்கள். அவர்களை மீட்க இடிபாட்டைத் துளைத்த ஆகர் மெஷின் உடைந்து, கடைசிச் சில மீட்டரை மனிதக் கைதான் தோண்டியது.

அனுப்புங்கள். ஆனால் சேருமுன் அவனை நேராகக் கேட்கச் சொல்லுங்கள்: முன்னேறுமுன் நீளத் துளை போட்டு, வரப்போகும் பாறையைச் சோதிக்கிறார்களா? இடிந்தால் வெளியேற வேறு வழி உண்டா? முக்கியமாக, சந்தேகம் வந்தால் ஒரு ஜூனியர் இன்ஜினீயர் வேலையை நிறுத்தலாமா? எங்கள் ஃபோர்மேனின் கால் போனது, அன்று அதைச் சொல்லும் உரிமை எங்களில் யாருக்கும் இல்லாததால்தான்.

பதில் மழுப்பலாக வந்தால் வேறு கம்பெனி பார்க்கட்டும். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்திலேயே 40 கிலோமீட்டருக்கு மேல் நிலத்தடிப் பாதை இருக்கிறது.