வர்காவா, வர்காஸா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய அமெரிக்கப் பின்-அப் (சுவரில் குத்தி வைக்கும் கவர்ச்சிப் பெண்) படங்களில் சிலவற்றில் ‘வர்கா’ என்றும் சிலவற்றில் ‘வர்காஸ்’ என்றும் கையெழுத்து இருக்கிறது. இரண்டு ஓவியர்களா? இந்தப் படங்களுக்காக எஸ்குயர் என்ற அமெரிக்க ஆண்கள் இதழையே தடை செய்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

செ.

அன்புள்ள செ.,

ஒரே ஆள்தான். பெரு நாட்டின் அரெகிபாவில் 1896-இல் பிறந்த அல்பெர்டோ வர்காஸ். அதுவரை இப்படங்களை வரைந்த ஜார்ஜ் பெட்டியின் இடத்துக்கு 1940-இல் அவரைக் கொண்டுவந்த எஸ்குயர், பெயரின் கடைசி ‘ஸ்’-ஐ வெட்டிவிட்டது. ‘வர்கா கேர்ள்’ என்ற பெயர் இதழின் சொத்தாயிற்று. 1944 ஒப்பந்தப்படி ஆறு மாதத்துக்கு 26 படங்கள், அதாவது வாரம் ஒன்று. நீர்வண்ணமும், காற்றால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷும் கலந்து தோலின் நிழலை இழைக்கும் வேலைக்கு இது கொடுமையான கணக்கு. 1946-இல் உறவு முறிந்தது. கைவசமிருந்த படங்களை எஸ்குயர் ‘எஸ்குயர் கேர்ள்’ என்று ஓவியர் பெயரே இல்லாமல் அச்சிட்டது. வழக்குப் போட்டும் அவர் தோற்றார். பின்னாளில் பிளேபாய் இதழில் வரைந்தபோது ‘ஸ்’ திரும்பி வந்திருந்தது. ஆகவே ‘1943 எஸ்குயர் காலண்டர்’ என்று விற்கும் தாளில் ‘வர்காஸ்’ என்றிருந்தால் நம்பாதீர்கள்.

தடை என்பது சரியல்ல. நடந்தது அதைவிடச் சாமர்த்தியமான காரியம். பத்திரிகைகளுக்கான இரண்டாம் வகுப்பு அஞ்சல் சலுகை (குறைந்த தபால் கட்டணம்), பொதுத் தகவல், இலக்கியம், அறிவியல், கலை போன்றவற்றுக்கு உரியது என்றது 1879 சட்டம். எஸ்குயர் அதில் சேராது என்று அஞ்சல்துறைத் தலைவர் ஃபிராங்க் வாக்கர் 1943 டிசம்பரில் சலுகையைப் பறித்தார். விசாரித்த மூவர் குழுவில் பெரும்பான்மை இதழின் பக்கம் நின்றது, அவர் கேட்கவில்லை. இதழை அச்சிடலாம், விற்கலாம். ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் டாலர் கூடுதல் தபால் செலவைத் தாங்கினால் போதும்! 1946 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக எஸ்குயருக்குச் சலுகையைத் திருப்பித் தந்தது. எது நல்ல இலக்கியம் என்று தீர்மானிப்பது அஞ்சல்துறையின் வேலையல்ல என்பதே நீதிபதி டக்ளஸ் எழுதிய தீர்ப்பின் சாரம்.

பழைய பிரதி வாங்குவதானால் அட்டையைப் பார்த்து மயங்காமல் நடுவைப் பிரியுங்கள். மடிப்புப் படத்தைப் பெரும்பாலும் கிழித்திருப்பார்கள்; ஸ்டேப்பிள் ஓரத்தில் காகிதத் துணுக்கு மட்டும் ஒட்டியிருக்கும். படம் தனியாகக் கிடைத்தால் நான்கு மூலைகளையும் வெளிச்சத்தில் பிடியுங்கள். ஊசித் துளை இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். பின்-அப் என்ற பெயரே அந்த ஊசியால் வந்ததுதான் என்று விற்பவர் வாதாடினாலும்.