அம்மாவையும் ஒரே பாலிசியில் சேர்க்கலாமா?

வணக்கம். திருப்பூரில் சொந்தத் தையல் யூனிட் நடத்தும் நீங்கள், மனைவி, இரு குழந்தைகள், சர்க்கரை நோயுள்ள 67 வயது அம்மா என ஐவருக்கும் சேர்த்து, மருத்துவமனை அறைவாடகைக்கு ஒரு சதவீத வரம்புள்ள 5 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியை எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து.

அந்த வரம்புதான் முதல் சிக்கல். 5 லட்சத்துக்கு ஒரு சதவீதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். நீங்கள் 10,000 ரூபாய் அறையில் தங்கினால் கூடுதல் வாடகையை மட்டும் கழிப்பதோடு விடமாட்டார்கள்; மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் முதலியவற்றிலும் அதே விகிதத்தில் பாதியைக் கழிப்பார்கள். என் மாமனார் வீடு திரும்பிய நாளில், பில்லிங் கவுண்டரில் நின்றபடிதான் இதை நான் கற்றுக்கொண்டேன். சற்றுக் கூடுதலாகக் கட்டினாலும் வரம்பில்லாத பாலிசியையே எடுங்கள்.

குடும்பப் பாலிசியின் பிரீமியம் பெரும்பாலும் மூத்தவரின் வயதை ஒட்டியே அமைவதால், அம்மாவுக்குத் தனிப் பாலிசி எடுப்பது நல்லது. அவருடைய சர்க்கரை நோயைப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். முகவர் “தேவையில்லை சார்” என்றாலும் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீட்டுத் தொகை கிடைக்காத காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதங்கள்தான். மறைத்தது தெரிந்தால் பாலிசியே ரத்தாகலாம்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. கட்டும் பிரீமியத்துக்கான 80டி வருமான வரிச்சலுகை பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே கிடைக்கும்.