கடல் நொதிகள்: மும்பை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

செம்பூர் வாசகர்: மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளே எத்தனையோ நொதிகளை (வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்களை) தரும்போது, கடலில் எதற்குத் தேட வேண்டும்?

சலவைத்தூளில் சேரும் நொதிகளில் பெரும்பாலானவை பாசில்லஸ் இனப் பாக்டீரியாக்கள் தந்தவைதாம். அவற்றில் குறையொன்றும் இல்லை. ஆனால் நொதி, தான் உருவான இடத்தின் வெப்பத்துக்கும் உப்புக்கும் ஏற்பவே அமைகிறது. ஆழ்கடலின் பெரும்பகுதி 5 டிகிரி செல்சியசுக்கும் குறைவான குளிரில் இருப்பதால், அங்கு வாழும் பாக்டீரியாவின் லிப்பேஸ் என்ற கொழுப்பைச் சிதைக்கும் நொதி, தண்ணீரைச் சூடாக்காமலேயே எண்ணெய்க் கறையைச் சிதைக்கவல்லது. உப்பிட்ட தோலைப் பதப்படுத்துவோருக்கு, உப்பிலும் செயல் குன்றாத, புரதத்தைச் சிதைக்கும் புரோட்டியேஸ் பெரிதும் உதவும்.

தாராவி வாசகி: சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்தில் இறால் உரிக்கும் பெண்கள் ஒதுக்கும் ஓட்டால் பயன் உண்டா?

உறுதியாக உண்டு. இந்த நகரத்துக்கு மிக அருகிலுள்ள வாய்ப்பு இதுவே என்பது என் கருத்து. ஓட்டில் இருப்பவை முக்கியமாகச் சுண்ணாம்புச் சத்து, புரதம், ஓட்டுக்கு உறுதி தரும் நார்ப்பொருளான கைட்டின் ஆகிய மூன்றும். இப்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சுண்ணாம்பையும் காஸ்டிக் சோடாவால் புரதத்தையும் நீக்குகிறார்கள். கைட்டின் கிடைத்துவிடுகிறது, ஆனால் கழிவுநீரைச் சுத்திகரிப்பது பெரும் சுமையாகிறது. புரதத்தை நீக்கப் புரோட்டியேசையும், சுண்ணாம்பைக் கரைக்க லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களையும் பயன்படுத்தினால் அச்சுமை வெகுவாகக் குறையும்.

கைட்டினைச் சிதைக்கும் நொதியும் கடலிலேயே இருக்கிறது. பால்போல் கலங்கிய கைட்டின் கலந்த அகார் தட்டில் (நுண்ணுயிரிகளை வளர்க்கும் கூழ்த் தட்டில்) ஒரு துளிக் கடல்நீரைப் பரப்பி வைத்தால், சில நாள்களில் சில பாக்டீரியாத் திட்டுகளைச் சுற்றிக் கண்ணாடிபோல் தெளிந்த வளையம் தோன்றும். அந்த இடத்துக் கைட்டினைக் கைட்டினேஸ் என்ற நொதி கரைத்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். இரண்டு தடைகளைச் சொல்லியாக வேண்டும். படிகமாக இறுகிய கைட்டினில் இந்நொதி மெதுவாகவே வேலை செய்யும். மும்பை வெயிலில் ஓடு சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்குவதால், துறைமுகத்துக்கு அருகிலேயே அதை உலர்த்தவோ குளிரூட்டவோ வசதி வேண்டும்.

மாட்டுங்கா மாணவி: விற்பனைக்கு வந்த கடல் நொதிகள் எவை?

இத்தாலியின் வல்கானோ தீவையொட்டிய வெந்நீர்க் கடல்மண்ணில் கண்டெடுக்கப்பட்டு, 1986இல் விவரிக்கப்பட்ட பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ், ஏறத்தாழ 100 டிகிரியில் செழித்து வளரும் உயிரி. டிஎன்ஏவைப் படியெடுக்கையில் பிழைகளைத் தானே திருத்தும் அதன் பாலிமரேஸ் நொதி, டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் ஆய்வகங்களில் புழங்குகிறது. வட அட்லாண்டிக் குளிர்நீர் இறாலிலிருந்து வந்த ஆல்கலைன் பாஸ்பட்டேசோ, டிஎன்ஏ முனையிலுள்ள பாஸ்பேட்டை நீக்கும் நொதி; வேலை முடிந்ததும் 65 டிகிரியில் சூடாக்கினாலே செயலிழந்துவிடும்.

முலுண்ட் வாசகர்: இதற்காகக் கடலைச் சூறையாட நேருமா?

நேராது. தேவையான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவிலோ ஈஸ்டிலோ புகுத்தித் தொட்டிகளில் நொதியைப் பெருக்கலாம். அந்த உயிரி நம் கடலிலிருந்து எடுக்கப்பட்டதாயின், அதன் பயனைப் பகிர்ந்துகொள்ள 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் வழிசெய்கிறது. சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையம் அதை நடைமுறைப்படுத்துகிறது. தொழில் தொடங்குவோர் முதலில் அந்த ஆணையத்தின் ஒப்புதல் விதிகளைப் படித்துவிட வேண்டும்.