மே மாதம் கொடுத்த வாக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஒரு சின்ன நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் உதவிப் பேராசிரியர். சம்பளம் 24,000. எம்.இ. ஒரிஜினல் சான்றிதழ் நிர்வாகத்திடம் இருக்கிறது. ஏப்ரல், மே வந்தால் எங்களுக்கு அட்மிஷன் கேன்வாசிங்தான் வேலை. ஆளுக்கு எட்டு சேர்க்கை டார்கெட். முந்தின வருஷம் எனக்கு அரூர் தாலுகாவைக் கொடுத்தார்கள். ஒரு ஊரில் அரசுப் பள்ளி மாணவி, நல்ல மார்க். அப்பா லாரி டிரைவர். "வருஷம் 50,000 ஸ்காலர்ஷிப், வேலைக்கு நாங்க பொறுப்பு" என்று எங்கள் நோட்டீஸில் இருந்ததை அப்படியே சொன்னேன். அன்றைக்கே பத்தாயிரம் முன்பணம் கட்டிவிட்டார்.

இப்போது அவள் என் வகுப்பில் இரண்டாம் ஆண்டு. ஸ்காலர்ஷிப்பை நிறுத்திவிட்டார்கள். சிஜிபிஏ, அதாவது பத்துக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், எட்டு இருந்தால்தான் தொடருமாம், அவளுக்கு 7.6. அப்பா எனக்குத்தான் போன் செய்கிறார். "எட்டுன்னா என்ன சார்? பாப்பா எல்லாத்துலயும் பாஸ்தானே?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் நம்பர் வந்தால் நான் எடுப்பதில்லை.

முதல் பீரியடில் பாதி வகுப்பு தூங்குகிறது. இவர்களுக்கு எதிலும் அக்கறை இல்லை என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்கிறோம். நான் இந்த வேலையில் இருக்கலாமா? அந்த அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? என் பெயர் வேண்டாம்.

எம்.

அன்புள்ள எம்.,

சின்ன விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தூங்குகிற வகுப்பைப் பார்த்து அக்கறை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நானும் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பாடம் எடுத்தவன்தான். கல்லூரி பஸ் விடியற்காலையில் முதல் ஸ்டாப்பை விட்டுக் கிளம்பிவிடும். முன் சீட்டுகளில் ஸ்டாஃப், நடுவில் பெண்கள், கடைசியில் பையன்கள். ஜன்னலில் தலை முட்ட முட்டத் தூங்குகிறவர்களில் யார் ஸ்டாஃப், யார் மாணவர் என்பதை ஐடி கார்டுக் கயிற்றின் நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். பரீட்சைக்கு முன்னால் ஹால் டிக்கெட் வாங்க அவர்கள் தூக்கிக்கொண்டு அலையும் 'நோ டியூ' படிவம் ஒன்று உண்டு: லைப்ரரி, லேப், பஸ், ஹாஸ்டல், அக்கவுண்ட்ஸ் என்று கட்டம் கட்டமாகக் கையெழுத்து. நான் வேலையை விட்டபோது எனக்கும் அதே படிவத்தைத்தான் நீட்டினார்கள். மேலே 'மாணவர் / பணியாளர், பொருந்தாததை அடிக்கவும்' என்று அச்சிட்டிருந்தது.

இனி கேன்வாசிங். இங்கே கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. ஸ்காலர்ஷிப் நின்றதுதான் உங்களை உறுத்துகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021இல் வந்தது. அரசு நடத்தும் சேர்க்கைக் கவுன்சிலிங்கில் அந்த இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. அரசுக் கல்லூரிகள் மட்டுமல்ல, தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் இதில் அடக்கம். அது கிடைக்காமல் போனாலும் கவுன்சிலிங் வழியாகச் சேர்கிற முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. உங்களுடையது போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்தக் கவுன்சிலிங்குக்கே வெளியே நிற்பவை. நல்ல மார்க் வாங்கிய அந்தப் பெண் ஜூலை வரை காத்திருந்தால் காசில்லாமல் படித்திருக்க வாய்ப்பு உண்டு. நிச்சயம் கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேன்வாசிங் ஏன் ஏப்ரலிலேயே தொடங்குகிறது, முன்பணத்தை ஏன் அன்றைக்கே வாங்குகிறார்கள் என்பதற்கு இதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

முன்பணம் கட்டியவர்கள் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2018இல் போட்ட விதிப்படி, சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்னாலேயே விலகினால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். அலுவலகச் செலவு என்று கட்டணத்தில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். மாணவரின் ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு அப்போதே கையில் கொடுத்துவிட வேண்டும். இதைக் கேன்வாசிங் நோட்டீஸில் யாரும் போட மாட்டார்கள். அடுத்த ஏப்ரலில் உங்களை எந்தத் தாலுகாவுக்கு அனுப்பினாலும், "முதலில் கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்யுங்கள், அங்கே அமையாவிட்டால் எங்களிடம் வாருங்கள்" என்று சொல்லுங்கள். எட்டு மூன்றாகும். இன்கிரிமென்ட் போகலாம், டீன் அறையில் நிற்க வைத்துக் கேட்பார்கள். வீட்டு வாடகையை நான் கட்டப் போவதில்லை என்பதால் இதைச் சொல்வது எனக்குச் சுலபம், தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

வேலையில் இருக்கலாமா என்கிறீர்கள். இருங்கள், ஆனால் எந்தத் தரையில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு இருங்கள். ஆசிரியர், அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்தின்படி 'தொழிலாளர்' ஆக மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1988இல் சுந்தராம்பாள் வழக்கில் சொல்லிவிட்டது. நாளைக்கு நிறுத்தினால் தொழிலாளர் என்ற முறையில் வழக்குப் போடலாம் என்று நம்பியிருக்காதீர்கள். பணிக்கொடை உண்டு. தனியார் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களையும் சேர்த்து 2009இல் கொண்டுவந்த திருத்தத்தை நிர்வாகங்கள் எதிர்த்துப் போராடின, 2022இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. எனவே அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளச் சீட்டு, பிஎஃப் எண் மூன்றையும் வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

ஒரிஜினலை எழுத்தில் கேட்டுத் திரும்ப வாங்குங்கள். சான்றிதழ் பிடித்து வைக்கிற சரக்கல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. உங்கள் சான்றிதழ் மேல் நிர்வாகத்துக்கு ஏன் இவ்வளவு பிரியம் என்று யோசித்தீர்களா? 2024இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் 353 பேர், ஒரே ஆள் ஒரே நேரத்தில் பல இடங்களில் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்‌ஷன் நாளில் ஆள் இல்லாமலும் காகிதம் வேலை பார்க்கும் என்றால், காகிதத்தை யார் விடுவார்கள்?

இப்போது அந்த அப்பா. இன்று சாயங்காலமே நீங்களாகப் போன் செய்யுங்கள். மன்னிப்புக் கேட்பதெல்லாம் உங்கள் விருப்பம், அவருக்குத் தேவை அதுவல்ல. சேர்க்கையின்போது கொடுத்த ஸ்காலர்ஷிப் கடிதம், நோட்டீஸ், முதல் வருஷ ரசீது மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எட்டு என்ற நிபந்தனை அவற்றில் எங்காவது இருக்கிறதா என்று வரிக்கு வரி பாருங்கள். இருந்தால் வழி குறுகல். துறைத் தலைவர் மூலம் தவணை கேட்கலாம், வங்கிக் கல்விக் கடனுக்குப் போகலாம், நான்கு லட்சம் வரை அடமானம் வேண்டியதில்லை. நிபந்தனை எழுத்தில் இல்லையென்றால் கதை வேறு. அறிவித்த கட்டணத்துக்கு மேல் கேட்பது 2023ஆம் ஆண்டு யூஜிசி விதியில் மாணவர் குறையாகவே வருகிறது. மாணவர் குறைதீர்ப்புக் குழுவும் அதற்கு மேலே குறைதீர்ப்பாளர் ஒருவரும் உங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தாக வேண்டும். வெப்சைட்டில் ஏதாவது ஒரு மூலையில் போட்டிருப்பார்கள், தேடுங்கள்.

மனு அந்தப் பெண்ணின் பெயரில், அவள் கையெழுத்தில் போகட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசகத்தைச் சரிபார்த்துக் கொடுத்தால் போதும், உங்கள் பெயர் அதில் எங்கும் வேண்டாம். "எதிர்காலம் பாழாகிறது" போன்ற வரிகளை வெட்டிவிடுங்கள். தேதி, தொகை, எந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது, அது மட்டும் இருக்கட்டும். நகலில் ரிஜிஸ்ட்ரார் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கச் சொல்லுங்கள். முத்திரை போட மாட்டேன் என்றால் அடுத்த நாளே ஸ்பீடு போஸ்ட்.